சத்திரத் தெருவின் வயது

வேலப்பட்டுச் சத்திரத் தெருவின் அகலம் ஏழு மீட்டர். வடக்குப்பட்டுப் பக்கத்திலிருந்து வாலாஜாபாத் போகும் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் இதற்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்துவிட்டால், ஒன்று பின்வாங்கும் வரை தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். நெடுஞ்சாலைத் துறை இதைப் பதினைந்து மீட்டராக்கி, நடுவில் தடுப்புச் சுவரும் வைப்பது என்று தீர்மானித்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இடித்தால் இரண்டு பக்கமும் உருப்படாது என்பதால் ஒரே பக்கமாக எட்டு மீட்டர் எடுப்பதாகத் திட்டம். எந்தப் பக்கம் என்பது மட்டும் பாக்கி.

மேற்கில் இருப்பது பழைய சத்திரம். ஊர்ப் பொதுச் சொத்து. பதினோரு வருஷமாக அதை வாடகைக்கு எடுத்து அன்னக்கிளி மெஸ் நடத்துகிறார். சத்திரம் இடிந்தால் ஈடு ஊருக்குப் போகும். அவருக்குப் போக்கிடம் கிடையாது; ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் நாலு அடுப்பு வைக்கிற மாதிரி ஓர் இடம் இன்றைக்கு அவரால் பிடிக்கவே முடியாது. கிழக்கில் சுப்பராயனின் மாடி வரிசை. கீழே பன்னிரண்டு அறை, மேலே பன்னிரண்டு அறை. தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று தெற்கேயிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் அறைக்கு மூன்று பேராகக் குடியிருந்தார்கள். சுப்பராயன் ஒரு தவணை பஞ்சாயத்துத் துணைத் தலைவராக இருந்தவர். பதவி போய் ஒன்பது வருஷம் ஆகியும் ஊர் அவரை 'வைஸ்' என்றே கூப்பிட்டது. அவரும் யாரையும் திருத்தவில்லை.

எந்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பழமையும் மதிப்பும் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது, அதைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சென்னையிலிருந்து ஓர் ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதிகாரி வருகிறார் என்றால் பெயிண்ட் அடிப்பது வேலப்பட்டு வழக்கம். கலெக்டர் வந்தபோது பள்ளிக்கூடத்துக்கு அடித்தார்கள். குடிநீர் வாரியத்திலிருந்து வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தார்கள். மாட்டாஸ்பத்திரிக்கு இணை இயக்குநர் வந்தபோது, நேரம் போதாமல், முன் சுவருக்கு மட்டும் அடித்தார்கள். ஒரு கட்டடத்தின் தலையெழுத்தே தீர்மானமாகப் போகிறது என்றால் அதை எந்த அளவுக்கு அலங்கரிக்க வேண்டும் என்று அன்னக்கிளி யோசித்தார். பிறகு, சாப்பிட வந்த அருள்பாண்டியைக் கூப்பிட்டார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், எதிர் மாடியில் ஏழாம் அறை.

"டேய் அருளு, கம்பெனில நீ பெயிண்டுதானே அடிக்கிற?"

"பெயிண்ட் ஷாப்புதாங்க்கா. ஆனா காருக் கதவுக்கு."

"கதவுக்கு அடிக்கிறவன் செவுத்துக்கு அடிக்க மாட்டியா? ஒரு வாரம் மீன் வறுவல் உன் எலையில தானா வந்து விழும்."

"ரெண்டு வாரம்னா பட்டி பாத்தே அடிச்சுத் தாரேங்க்கா."

அருள்பாண்டி வேலையில் சுத்தம். வாசலுக்கு மேலே சுண்ணாம்புக் காரையில் நாலைந்து வரி எழுத்து பொறித்திருந்தது. கட்டியவர் பெயரோ, வருஷமோ, ஏதோ ஒன்று. காலத்தில் மழுங்கிக் கோணல்மாணலாகக் கிடந்தது. காருக் கதவில் அப்படி ஒரு பள்ளம் இருந்தால் சூப்பர்வைசர் அந்தக் கதவைத் திருப்பி அனுப்பிவிடுவார். அருள்பாண்டி நண்பனிடம் தேய்ப்பு மிஷின் இரவல் வாங்கி வந்து எழுத்தைச் சமமாகத் தேய்த்தான், பட்டி வைத்தான், மறுபடி தேய்த்தான், பச்சை பெயிண்ட் இரண்டு கோட் கொடுத்தான். அதன் மேல் தங்க நிறத்தில் 'வருக வருக' என்று எழுதினான்.

சுப்பராயன் அந்த நோட்டீஸை மூன்று தடவை படித்திருந்தார். எதிரில் பச்சை ஏறுவதைப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுநாள் அருள்பாண்டியை அவரும் கூப்பிட்டார்.

"நம்ம பில்டிங்கைப் பழசாக்கணும்டா."

"அண்ணாச்சி, புதுசாக்குததுக்குத்தான் கம்பெனில ட்ரெயினிங் குடுத்தாவ. பழசாக்குதது அதுவா நடக்கும்."

"அதுவா நடக்கறதுக்கு நேரம் இல்லடா. செவ்வாக்கெழமைக்குள்ள நூறு வருசம் ஓடணும்."

டீத்தூளைக் காய்ச்சி வடிகட்டி, தெளிப்பான் வைத்து முன்சுவர் முழுக்க அடித்தான். கீழ்ப்பகுதிக்குச் சாணியும் புளித்த மோரும். பைக் சைலன்சரைச் சுரண்டிய கரி, ஜன்னல் மூலைகளுக்கு. மாடி முகப்பில் சிமென்டில் '2009' என்று பெரிதாக இருந்தது. அதைச் சுப்பராயன் தன் கையாலேயே கவனித்துக்கொண்டார். முதல் இலக்கத்தை உளியால் தட்டி ஒன்றாக்கினார். அடுத்த சைபரின் இடுப்பில் கொஞ்சம் சிமென்ட் வைத்தார், அது எட்டாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சுகப்பிரியா வந்தார். முப்பது வயது தாண்டியவர், பழைய கட்டடங்களை மதிப்பிடும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரோடு நசுங்கி வந்திருந்தார். கையில் ஒரு படிவம். வயது, மாற்றப்படாத தன்மை, பயன்பாடு, சுற்றுப்புறம் என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்.

முதலில் கிழக்குப் பக்கம். சுப்பராயன் வேட்டி மடிப்புக் கலையாமல் நின்றார்.

"எந்த வருஷம் கட்டினது சார்?"

"மேல போட்டுக்கீதே மேடம். ஆயிரத்தி எட்நூத்தி ஒம்போது."

"அப்பவே கான்கிரீட்டா?"

"எங்க முப்பாட்டன் எதையும் அட்வான்ஸா செய்யறவரு."

"எல்லா ரூமும் அட்டாச்டு பாத்ரூமோட இருக்கு."

"ஜமீன்தாருங்க வந்து தங்கற எடம் மேடம். ராத்திரில வெளிய போவ முடியுமா அவங்களால?"

சுகப்பிரியா சுவரில் ஒரு விரலை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"டீ வாசம் வருதே."

"எதிர்ல மெஸ்ஸு. காத்துல வந்து ஒட்டிக்குது."

மாடிப் படியில் நின்ற அருள்பாண்டி உள்ளே போய்விட்டான்.

தெருவைக் கடந்து சத்திரத்துக்கு வந்தார். அன்னக்கிளி சந்தனக் கிண்ணத்தோடு காத்திருந்தார்.

"எப்டிக்கீது மேடம்? பளபளன்னு இல்ல?"

"பளபளன்னுதான் இருக்கு." சுகப்பிரியாவின் குரல் எங்கேயோ இருந்து வந்தது.

பெயிண்ட் முன்புறத்தோடு நின்றிருந்தது. சமையற்கட்டில் புகை படிந்த மரத் துலாக்களும், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளமும் அப்படியே இருந்தன. அவர் பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து, வாசலுக்கு மேலே எழுத்து இருந்ததாமே, ஆட்டோவில் சொன்னார்களே என்று கேட்டார்.

"இருந்துச்சி மேடம். அசிங்கமா இருந்துச்சி. நீங்க வரீங்களேன்னு வழிச்சி எடுத்துட்டோம்."

"அதுல என்ன போட்டிருந்தது?"

"யாரு படிச்சா அதை?"

"யார்கிட்டயாவது போட்டோ?"

போட்டோ ஆளாளுக்கு இருந்தது. பொங்கல், ஆடித் திருவிழா, கல்யாண வரவேற்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எச்சில் கையை நீட்டிக்கொண்டு மறு கையால் போனைத் தேடினார்கள். எல்லாப் படத்திலும் வாசலுக்கு மேலே சரியாக அந்த இடத்தில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது.

சுகப்பிரியா நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா, இது நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம். எனக்குத் தெரியுது, உங்களுக்கும் தெரியும். ஆனா மாற்றப்படாத தன்மைங்கிற இடத்துல முன்பக்கத்துக்கு நான் சைபர்தான் போட முடியும். வயசுக்கு ஆதாரம் கேப்பாங்க. சொல்றாங்கன்னு எழுத இதுல எடமே இல்ல."

அன்னக்கிளிக்கு அப்போதுதான் விளங்கியது. பரிசு வாங்கக் கிளம்பிய பிள்ளைக்கு மொட்டையடித்து அனுப்பியது போல் ஆகிவிட்டது. சந்தனக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, எதிர் மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டேய் அருளு! எறங்கி வாடா! ரெண்டு வாரம் மீனு கேட்ட இல்ல, வா, முள்ளு மட்டும் போடறேன்!"

"யக்கா, நீங்க சொல்லித்தான செஞ்சேம்," என்று மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

சுப்பராயனுக்கு இது போதுமாயிருந்திருக்க வேண்டும். ஆனால் எதிராளி விழுந்து கிடக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமல் போகிற மனிதர் இல்லை அவர். வீட்டுக்குப் போய், பூஜை மாடத்தில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தார். குங்குமம் ஏறி விளிம்பெல்லாம் சிவந்திருந்தது. ராஜா தலை போட்ட முத்திரைத் தாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சூடம் காட்டினார்களே தவிர, வீட்டில் ஒருவரும் முதல் வரிக்குக் கீழே படித்ததில்லை. முதல் வரியில் முப்பாட்டன் பேர் இருந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

"ஆதாரம் கேட்டீங்களே மேடம். எட்நூத்தி ஒம்போதோ, தொள்ளாயிரத்தி ஒம்போதோ, கல்வெட்டுல முன்னப் பின்ன இருக்கலாம். எங்க வூட்டு இடம் அந்தக் காலத்து இடம். எல்லாரும் கேக்கட்டும், சத்தமா படிங்க."

சுகப்பிரியா சத்தமாகவே படித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம். முப்பாட்டன் பேர் வந்தபோது சுப்பராயன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். வாங்கியது புஞ்சை நிலம். அதன் பிறகு செக்குபந்தி. நிலத்துக்கு நாலு பக்கமும் என்னென்ன இருக்கிறது என்று எல்லைகளைச் சொல்லும் பகுதி அது. எந்தப் பழைய பத்திரமும் அது இல்லாமல் முடியாது.

"'இதற்குச் செக்குபந்தியாவது: வழிப்போக்கர் சத்திரத்துக்கும் ராஜபாட்டைக்கும் கிழக்கு, ஏரி வாய்க்காலுக்கு மேற்கு… இதற்குட்பட்ட, யாதொரு கட்டடமும் இல்லாத காலிப் புஞ்சை…'"

அவர் நிறுத்தினார். தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"மறுபடியும் படிக்கவா சார்?"

"வேணாம்," என்றார் சுப்பராயன்.

"படிக்கட்டுமே வைஸு," என்றார் அன்னக்கிளி. "எனக்குச் சரியா காதுல வுழல. இந்தச் சத்திரம் அப்பவே இங்க நின்னுக்கினு இருந்துச்சாம், உங்க பங்களா நிக்கற எடத்துல இன்னா இருந்துச்சாம்?"

சுகப்பிரியா பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார். வயது என்ற தலைப்புக்கு நேராக முழு மதிப்பெண் விழுந்தது. சத்திரம் நிற்கும், கிழக்கு வரிசை போகும் என்று அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் மெஸ்ஸில் பாயசம். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறி வந்த கூட்டம் வழக்கம்போல் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஆனால் இரண்டாம் கரண்டி பாயசம் யாரும் கேட்கவில்லை.

"இன்னாடா, இனிப்பு பத்தலியா?"

"இல்லக்கா," என்றான் அருள்பாண்டி. "ரூமு பாக்கணும். வடக்குப்பட்டுல ஒண்ணும் காலி இல்லையாம். நாங்க ஏழெட்டுப் பேரு சிங்கப்பெருமாள் கோவிலுக்கே போயிரலாம்னு இருக்கோம். கம்பெனி பஸ்ஸு அங்கயும் வருது."

"அப்ப சாப்பாடு?"

"அங்கன ஒரு மெஸ்ஸு இருக்காம்."

அன்னக்கிளி கையிலிருந்த கரண்டியோடு கூடத்தைப் பார்த்தார். நேற்றுவரை அவர் இதை யோசிக்கவில்லை. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எதிர் மாடியில் தூங்கி எழுந்து வந்தவர்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். சுப்பராயன் கட்டடம் போனால் சத்திரம் நிற்கும், அடுப்பு எரியும், சாப்பிட ஆள் இருக்காது.

அன்று சாயங்காலமே தெருவைக் கடந்தார். சுப்பராயன் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். டீக்கறை போகவில்லை.

"இன்னாம்மா, நாலு எல்லையையும் அளந்து பாத்துட்டுப் போவ வந்தியா?"

"கோவத்தை அப்பறம் படலாம் வைஸு. உன் வூடு போனா என் மெஸ்ஸும் போச்சி."

அவர் நாரைக் கீழே போட்டார். "இதை நேத்து யோசிக்கணும்."

"நேத்து நீ ஜமீன்தாருக்குப் பாத்ரூம் கட்டிக்கினு இருந்த. எனக்கு யோசிக்க எங்க வுட்ட?"

அவர் சிரித்துவிட்டார், சிரித்ததற்காகக் கொஞ்சம் கோபப்பட்டார். இரண்டு பேரும் சேர்ந்து சுகப்பிரியாவுக்குப் போன் போட்டார்கள். ரெண்டு பக்கமும் வேண்டும் என்றால் ரோடு எங்கே போகும் என்று அவர் கேட்டார்.

"அது உங்க வேல மேடம்," என்றார் அன்னக்கிளி.

சனிக்கிழமை சுகப்பிரியா மறுபடி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவோரம் போட்டு, கையில் எண்ணிக்கைக் கருவியோடு காலை ஆறரையிலிருந்து உட்கார்ந்தார். நெடுஞ்சாலைத் துறை ஏற்கெனவே இந்தத் தெருவில் எண்ணியிருந்தது, ஆனால் நீளவாட்டில் ஓடும் வண்டிகளை. சுகப்பிரியா எண்ணியது குறுக்கே நடக்கும் மனிதர்களை. டிபனுக்குப் போகிறவர்கள், டிபன் முடித்துத் திரும்புகிறவர்கள், பல் குச்சியோடு டீக்கு வருகிறவர்கள், துண்டு மறந்துபோய் ஓடுகிறவர்கள்.

எதற்கு என்று தெரிந்ததும் அன்னக்கிளி சும்மா இருக்கவில்லை. அருள்பாண்டி ஐந்து நிமிஷத்தில் நாலாவது தடவையாகத் தெருவைக் கடந்தான்.

"தம்பி, எத்தனை டீதான் குடிப்பீங்க?"

"டேஸ்ட்டு நல்லாருக்கு மேடம்."

"உங்களை நான் ஒரு தடவைதான் கணக்குல எடுத்திருக்கேன்."

அவன் அறைக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். அதையும் அவர் சேர்க்கவில்லை. சேர்க்காமலே, பிற்பகல் மூன்று மணி வரைக்கும் நானூற்றுப் பதினேழு.

அறிக்கையில் அவர் எழுதியது இதுதான். சத்திரம் என்பது வழிப்போக்கர் உண்ணவும் உறங்கவும் கட்டப்பட்டது. இந்தச் சத்திரத்தின் உறங்கும் கூடம் எழுபதுகளில் இடிந்துவிட்டது. இன்று வழிப்போக்கர்கள் மேற்கில் உண்டு கிழக்கில் உறங்குகிறார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் சத்திரம். நடுவே தடுப்புச் சுவர் வைத்தால் எந்தப் பக்கத்தை இடித்தாலும், இடிக்காவிட்டாலும், அது முடிந்துவிடும். இதை ஏற்க வேண்டுமானால் கிழக்கு வரிசை யாருக்காக, எப்போது கட்டப்பட்டது என்று அதன் சொந்தக்காரரே கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும்.

"சொல்லலாம்," என்றார் சுப்பராயன். "ஆனா ஊரு முன்னாடியா?"

"ஊரு முன்னாடிதான ஆயிரத்தி எட்நூத்தி ஒம்போதுன்ன?" என்றார் அன்னக்கிளி.

கூட்டம் புதன்கிழமை பதினொரு மணிக்குப் பஞ்சாயத்து மண்டபத்தில் நடந்தது. மேடையில் கோட்டப் பொறியாளர் இராமச்சந்திரன். பக்கத்தில் சுகப்பிரியா. அறை எடுத்திருந்தவர்களில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்காமல் வந்து, உட்கார்ந்த இடத்தில் தூங்கினார்கள். அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு போயிருந்ததால், சுப்பராயன் கட்டடத்துக்குப் பின்னால் லாரி யார்டு வைத்திருக்கும் கிடங்குக் கம்பெனியின் மேலாளர் நம்பிராஜனும் வந்திருந்தார். நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற நிம்மதியில் முன் வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

இராமச்சந்திரன் அறிக்கையைப் புரட்டினார். "கிழக்குக் கட்டடத்தோட உரிமையாளர் யாருங்க? எந்த வருஷம் கட்டினது?"

சுப்பராயன் எழுந்தார். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"ரெண்டாயிரத்தி ஒம்போது."

"வைஸு, பின்னாடி கேக்கல!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ரெண்டாயிரத்தி ஒம்போது! கம்பெனிப் புள்ளைங்க தங்கறதுக்குக் கட்டினேன். அதுங்க சாப்புடறது எதிர்ல, அன்னக்கிளி மெஸ்ஸுல. போதுமா?" உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "ஆனா மண்ணு பழசு. அதை எழுதிக்குங்க."

மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. தூங்கியவர்களும் எழுந்துகொண்டார்கள். இராமச்சந்திரன் சிரிக்காமல் எழுதினார். பிறகு அன்னக்கிளியைப் பார்த்து, சத்திரம் தப்பிவிட்ட பிறகும் ஏன் எதிர்ப்பக்கத்துக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

"சார், நான் கட்டடத்துக்குச் சோறு போடல. ஆளுக்குப் போடறேன். ஆளு எதிர்ல கீறான்."

பொறியாளர் பேனாவை மூடினார். திரும்பத் திறந்தார். சுகப்பிரியா வரைபடத்தை அவர் முன் விரித்து, கிழக்கு வரிசைக்குப் பின்னால் நீளமாகக் கிடந்த ஒரு வெற்றுப் பட்டையைக் காட்டினார். அவருக்கும் அது தெரிந்ததுதான். முதல் திட்டத்தில் இரண்டாவது வழியாக அது இருந்தது. கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் வராததால் விட்டுவிட்டார்கள்.

"சரி," என்றார். "தெரு ஏழு மீட்டராவே இருக்கட்டும், ரெண்டு பக்கமும் கை வைக்க வேணாம்னு எழுதி அனுப்பறேன். லாரி போக்குவரத்துக்குப் பின்னாடி இருக்கிற யார்டு வழியா அளந்துடலாம். பாதிக்கு மேல காலியாத்தான் கிடக்கு."

அன்னக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மதியத்துக்கு உலை வைக்க வேண்டுமென்று எழுந்தார். முன் வரிசையில் பாதி பிஸ்கட் டீக்குள் விழுந்தது. நம்பிராஜன் கையைத் தூக்கியபடி எழுந்து நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். எங்க யார்டுல ஒரு கிணறு இருக்கு சார். ரொம்பப் பழைய கிணறு. புராதனம்."

"எந்த வருஷத்துக் கிணறு?" என்று சுகப்பிரியா கேட்டார்.

நம்பிராஜன் சுற்றிலும் பார்த்தார். அருள்பாண்டி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று தேடிக் கண்டுபிடித்தார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம். பாத்துச் சொல்றேன்."